எக்ஸ்-ட்ரெயிலில் கௌதாரிமுனை: குடும்ப ஃபோர்வீலைத் தார் றோட்டை விட்டு இறக்கலாமா?

கொக்குவில்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பாவித்த நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட் ஒன்று வாங்கியிருக்கிறோம். டி-32 மாதிரி, ஃபோர்வீல். கியருக்குப் பக்கத்தில் ஒரு டயல் இருக்கிறது: ரூவீல், ஓட்டோ, லொக். இதுவரை அதைத் தொடத் தேவை வரவில்லை. பலாலி வீதியில் லொக் போட்டு என்ன செய்வது?

சித்திரை வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பூநகரிப் பக்கத்துக் கடற்கரையான கௌதாரிமுனைக்குப் போவோமா என்று வீட்டில் கதை நடக்கிறது. அம்மாவுக்கு மண்ணித்தலைச் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும். சோழர் காலத்துக் கோயில், இடிந்துகொண்டு போகிறது, முழுதாக விழ முன் பார்த்துவிட வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்குக் கடல். எனக்கு, உண்மையைச் சொன்னால், அந்த டயல்.

விற்றவர் "இது எங்கேயும் போகும் தம்பி" என்றார். மச்சான் "முதல் மணலிலேயே இருந்துவிடும்" என்கிறான். இரண்டு பேரும் மணலில் ஓட்டியவர்கள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். ரயர் சாதாரண றோட்டு ரயர், 225/65, 17 அங்குலம். பெரியவர்கள் மூன்று, பிள்ளைகள் இரண்டு. போகலாமா? போனால் என்ன கொண்டு போக வேண்டும்?

பழைய பஜிரோ

மச்சான் சொன்னதுதான் சரி. லோ கியர் (மெதுவாக, கூடிய பலத்தோடு இழுக்கப் போடும் தனிக் கியர்) இல்லாத வண்டியை ஃபோர்வீல் என்று சொல்வதே விற்கிறவர்களின் கதை. மழையில் வழுக்காமல் போகவும், பனி கொட்டும் நாட்டில் வீட்டு வாசலை விட்டு வெளியே வரவும் செய்தது அது. மணலுக்கென்றால் பஜிரோ, பிராடோ, லோ கியர் உள்ள பழைய கிராண்ட் விட்டாரா, ஜிம்னி. மற்றதெல்லாம் கல்யாண வீட்டுக்கு.

போவதென்றால் போங்கள். நீளமான கயிறு ஒன்று கொண்டு போங்கள்.

சுன்னாகம் கராச்

பஜிரோ அண்ணை வழக்கமான இடத்தில் வந்து குந்திவிட்டார். சரி. லோ கியர் பற்றி அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கொக்குவில் தம்பிக்கு உங்கள் வண்டி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எக்ஸ்-ட்ரெயிலில் இயல்பாக ஓடுவது முன் சில்லுகள். நடுவால் ஒரு தண்டு பின்னுக்குப் போகிறது. பின் டிஃபரன்சலுக்கு முன்னால், மின்சாரத்தால் இறுகும் ஒரு கிளச் பொதி. ஓட்டோவில் முன் சில்லு வழுக்குவதைக் கணினி கண்டால் அந்தக் கிளச்சை இறுக்கிப் பின்னுக்குப் பலம் அனுப்பும். லொக்கில் தொடக்கத்திலேயே இறுக்கி வைத்திருக்கும்; பலம் முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. வேகம் கூடினால் தானாகவே ஓட்டோவுக்கு மாறிவிடும். ஆகவே மணலில் இறங்க முன்பே லொக். புதைந்த பிறகு டயலைத் தேடினால், அதற்குள் முன் சில்லு இரண்டும் குழி தோண்டி முடித்திருக்கும்.

இந்தக் கிளச் பொதி சின்னது. நெடுநேரம் ஆழ மணலில் உறுமினால் சூடேறும். சூடு எல்லை தாண்டினால் டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை வரும், பின் சில்லுக்குப் பலம் நின்றுவிடும். உங்கள் கியர் பொக்ஸ் சிவிடி, அதன் ஒயிலும் அப்படித்தான். கொதித்தால் வண்டி தானே பலத்தைக் குறைக்கும். பெடலை அமத்துவீர்கள், முனகும், நகராது. கியர் பொக்ஸ் போய்விட்டது என்று எனக்குப் போன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அநேகமாக ஒன்றும் போகவில்லை. அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். இங்கேதான் பஜிரோ அண்ணையின் லோ கியருக்கு மதிப்பு. அவருடைய வண்டி மெதுவாக, சூடாகாமல், நாள் முழுக்க இழுக்கும். உங்களுடையது கொஞ்சத் தூரத்துக்கு இழுக்கும், பிறகு ஓய்வு கேட்கும். கௌதாரிமுனைக்கு அது போதும்.

விடிசியை, அதாவது வண்டி வழுக்காமல் கணினி பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை, நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கும். மணலில் அதை அமத்தி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சில்லு கொஞ்சம் சுழன்றதும் கணினி எஞ்சினின் பலத்தை வெட்டிவிடும். மணலில் அந்தக் கொஞ்சச் சுழற்சி தேவை. தாருக்கு ஏறியதும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் காற்று. 32 பிஎஸ்ஐ இருக்கும் ரயர் மணலை வெட்டிக்கொண்டு கீழே போகும். 20க்கு இறக்கினால் நிலத்தில் படும் பகுதி நீளும், பாரம் பரவும், மேலால் போகும். கருவி வேண்டியதில்லை. வால்வு மூடியைக் கழற்றிவிட்டுத் திறப்பின் நுனியால் நடு ஊசியை அமத்துங்கள், அளக்க ஒரு மீற்றர் மட்டும் இருந்தால் சரி. இறங்க இறங்க ரயரின் பக்கச் சுவர் நிலத்தோடு சேரும் இடத்தில் மெல்லப் புடைத்து வரும். உங்கள் ரயருக்கு 20இல் தொடங்குங்கள். இறுகினால் 18. அவசரத்துக்கு 16. அதற்குக் கீழே போய் ஸ்ரியரிங்கை ஒடித்தால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றோடு மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டாம். திரும்பித் தாரில் ஏறியதும் அங்கேயே நின்று காற்று அடியுங்கள். "யாழ்ப்பாணம் போய் அடிப்போம்" என்று ஓடினால் பக்கச் சுவர் சூடாகிச் சங்குப்பிட்டிப் பாலம் தாண்ட முன் வெடித்தாலும் ஆச்சரியமில்லை.

12 வோல்ட் கொம்பிரசர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கயிறு அதற்குப் பிறகு.

வெள்ளைமணல்

நான் வடமராட்சி கிழக்கில் நெடுங்காலம் படிப்பித்தவள். மருதங்கேணி றோட்டு இப்போது இருப்பதுபோல் இல்லாத காலத்தில், பழைய கிராண்ட் விட்டாராவில் போய் வந்திருக்கிறேன். கராச் தம்பி வண்டியைச் சொல்லிவிட்டார், நான் மணலைச் சொல்கிறேன்.

ஒரே தடம் மாசியில் ஒரு மாதிரி, ஆடியில் வேறு மாதிரி. மாரி மழை முடிந்து இரண்டு மூன்று மாதம் மணலின் அடியில் ஈரம் இருக்கும், புட்டுக்குக் குழைத்த மா பிடித்தால் பிடியாக நிற்குமே, அந்தப் பதம். வண்டி ஏறினால் தாங்கும். சோளகம் தொடங்கி இரண்டு மாதம் அடித்தபிறகு அதே இடம் பொடி. தடமே மூடிப் போயிருக்கும். நீங்கள் சித்திரைக்கு முன் போவது நல்ல காலம். அதிலும் விடியப் போங்கள். இரவுப் பனியில் மேல் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். பதினொரு மணி வெயிலில் திரும்பி வரும்போது காலையில் வந்த வழிதானா என்று இருக்கும். அதற்கு ஏற்றபடி காற்றை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டி வரலாம்.

அடுத்தது உழவு மெசின் தடம். மணல் பாதைகளில் முன்னால் போனது பெரும்பாலும் மெசினாகத்தான் இருக்கும். அதன் சில்லு பெரியது, ஆழமாக இரண்டு வாய்க்கால் வெட்டி நடுவில் ஒரு வரம்பை விட்டுப் போயிருக்கும். உங்கள் வண்டி நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் அளவில்தான் நிற்கிறது. அந்த வாய்க்காலுக்குள் இரண்டு சில்லையும் விட்டால் வயிறு வரம்பில் குந்திவிடும். வயிறு குந்தினால் எத்தனை சில்லு சுற்றினாலும் பயனில்லை. ஒரு பக்கச் சில்லை நடு வரம்பிலும் மறுபக்கத்தைத் தடத்துக்கு வெளியேயும் வைத்து ஓட்டுங்கள். வண்டி கொஞ்சம் சரிந்தாற்போல் இருக்கும், அம்மா பயப்படுவார். முதலே சொல்லி வையுங்கள்.

மணலில் பிரேக் பிடிக்காதீர்கள். பிடித்தால் நாலு சில்லுக்கும் முன்னால் மணல் குவிந்து அணை கட்டிவிடும். காலை எடுத்துவிட்டாலே நின்றுவிடும். நிறுத்துவதென்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். சில்லு சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்தக் கணமே காலை எடுங்கள். பின்னுக்கு, வந்த தடத்திலேயே, ஒரு வண்டி நீளம் போய் மீண்டும் வாருங்கள்.

கடற்கரை ஓரமாக ஓட்டும் ஆசை இருந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஈர மணல் இறுக்கமாகத் தெரியும், ஆனால் கரை கடலுக்குச் சரிந்திருக்கும், வண்டி மெல்ல மெல்லக் கீழே இழுபடும். கரைவலை இழுக்கும் இடத்தில் கம்பாக் கயிறு குறுக்கே கிடக்கும். தொழில் செய்கிறவர்களின் வலையில் ஏறிவிட்டு "தெரியவில்லை" என்று சொல்வது சரியில்லை. மணல்மேட்டில் ஏறுவதும் வேண்டாம். மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் போய்க் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடித்து வைக்கச் செடியில்லாத மணல் அப்படித்தான் ஊருக்குள் நடந்து வரும். மேட்டின் மேல் படரும் அடப்பங்கொடியைச் சில்லால் அறுத்துவிட்டு வருவதற்குப் பெயர் உல்லாசப் பயணம் இல்லை.

கொக்குவில்காரன்

அக்கா, கராச் அண்ணை, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. இன்னொன்று. போன் வரைபடத்தில் பார்த்தால், பரமன்கிராய்க்கு அங்கால் தடம் வளைந்து சுற்றிப் போகிறது. ஆனால் செய்மதிப் படத்தில் வெட்டவெளி ஒன்று தெரிகிறது, அதற்குள்ளால் நேரே ஒரு கோடும் போகிறது. மணலும் இல்லை, மரமும் இல்லை, தட்டையான நிலம். அதால் போனால் மணலைத் தவிர்க்கலாம் போல இருக்கிறதே?

பூநகரியான்

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

தம்பி, அது தரவை. மணலில் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடலாம். தரவையில் இருந்தால் அந்த நாள் முடிந்தது.

வெயில் காலத்தில் பார்த்தால் மேல்மண் காய்ந்து தட்டுத் தட்டாக வெடித்திருக்கும், இடையிடையே உப்புப் பூத்திருக்கும், மாடு நிற்கும். பந்து விளையாடலாம் போல் இருக்கும். பொடியள் மோட்டார் சைக்கிளில் குறுக்கே போவார்கள், அந்தக் கோடுதான் உங்கள் படத்தில் தெரிவது. அந்தத் தட்டுக்குக் கீழே கறுத்த சுரி, புதைசேறு. ஓரிடத்தில் ஒரு சாணில், இன்னோரிடத்தில் ஒரு முழத்தில். மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் தாங்கும். ஒன்றரைத் தொன் வண்டியைத் தாங்காது.

தெற்கில் இருந்து வந்த ஒரு ஜீப் (நல்ல வண்டி, உண்மையான லோ கியர் உள்ளது, பஜிரோ அண்ணை கவனிக்க) இப்படிக் குறுக்கே இறங்கியது. நூறு மீற்றர் வடிவாகப் போனது. பிறகு முன் வலப்பக்கம் தட்டை உடைத்தது, ஓட்டியவர் பெடலை அமத்தினார், படிக்கட்டு வரைக்கும் போய்விட்டது. இழுக்கப் போன உழவு மெசினும் பாதி வழியில் இறங்கத் தொடங்கியதால் அதைத் திருப்பிவிட்டோம். சுரி சில்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்; நேரே இழுத்தால் கொக்கிதான் கழரும். ஒவ்வொரு சில்லாக ஜக் வைத்துத் தூக்க வேண்டும், ஜக்கும் அமிழும், அதற்குக் கீழே பலகை. தூக்கின சில்லுக்குக் கீழே பனங்குற்றி. பின்னேரம் காற்றுத் திரும்பியது. கடனீரேரி ஆழமில்லாத நீர். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத் தரவையில் தண்ணீர் ஏறும். உப்புத் தண்ணீர் கதவடிக்கு வந்தபோதும் நாங்கள் நாலாவது சில்லில் நின்றோம். உங்களுடையது ஹைபிரிட் வேறு. பற்றறி பின் பெட்டியின் தளத்துக்குக் கீழே இருக்கிறது என்று நினைக்கிறேன்?

சுன்னாகம் கராச்

ஆம், அங்கேதான். உப்புத் தண்ணீரும் அந்தப் பற்றறியும் சந்திக்கவே கூடாது. வெள்ளம் நிற்கும் மதகுகளுக்கும் இதுதான் பதில்: தண்ணீர் சில்லின் நடுவுக்கு மேல் என்றால் திரும்புங்கள்.

பூநகரியான்

வழியைச் சொல்கிறேன். நாவற்குழியால் திரும்பிக் கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி. 2011இல் பாலம் திறந்ததால் இது இப்போது எளிது. அதற்கு முன் பெரும்பாலும் ஆனையிறவு சுற்றித்தான் வர வேண்டும். பரமன்கிராய்ப் பக்கம் திரும்பிய பிறகு தாரும் கிரவலும் மாறி மாறி வரும், பிறகு மணல். எந்தச் சந்தேகம் வந்தாலும் வாகனம் போய் வந்த தடத்திலேயே நில்லுங்கள். எதிரே மெசின் வந்தால் அவர்தான் பெரியவர், நீங்கள் இறுக்கமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். காலையில் மீன் ஏற்றும் வண்டிகள் வரும், அவர்களிடம் "முன்னுக்கு எப்படி?" என்று கேட்டால் எந்த வரைபடமும் சொல்லாததைச் சொல்வார்கள்.

எழுதுமட்டுவாள்

இதுவரை ஒருவரும் எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தார் றோட்டை விட்டு இறங்குவதைப் பற்றிய பேச்சில் முதல் வரியே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மிதிவெடி. முகமாலை, கிளாலி, நாகர்கோவில், எழுதுமட்டுவாள் என்று போன முன்னரங்க வரிசையை வயதானவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கிற பொடியளில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அல்லது வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு வருகிறவர்கள். 2002 முதல் அகற்றிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது, மக்கள் குடியேறிவிட்டார்கள், தென்னை வைத்திருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது வந்த கெடு 2028 ஜூன். கெடு என்று ஒன்று இருக்கிறது என்றாலே வேலை மீதம் இருந்தது என்றுதான் பொருள்.

மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் படம் எடுக்கக்கூட இறங்க வேண்டாம். பலகை இல்லை என்பதால் நிலம் நல்லது என்றும் எண்ண வேண்டாம். பலகை விழும், வெள்ளம் மண்ணை அரித்து வெடியை இடம் மாற்றும். பற்றைக்குள் புதுத் தடம் வெட்டுவது, வண்டி திருப்ப என்று தடத்தை விட்டுப் பின்னுக்கு எடுப்பது, சிறுநீர் கழிக்க உள்ளே நடப்பது, மூன்றும் வேண்டாம். பழைய மண் அணையில் ஏறிப் பார்ப்பது அறவே வேண்டாம். வண்டி புதைந்தால் முட்டுக் கொடுக்கக் கல்லும் கட்டையும் தேடிப் பற்றைக்குள் போகத்தான் முதலில் தோன்றும். தேவையானதை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போங்கள்.

கொக்குவில்காரன்

நல்ல வேளை எழுதினீர்கள் ஐயா. குறுக்குவழி யோசனையை விட்டாயிற்று. பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கிறேன்.

ரொறன்ரோ தம்பி

நான் ஆவணியில் வருகிறேன், சுண்டிக்குளம் போகத் திட்டம். இங்கே நாங்கள் புதைந்தால் வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகள் பாவிப்போம், இரண்டு தட்டு, பல்லுப் பல்லாக இருக்கும், சில்லுக்கு முன்னால் செருகிவிட்டு ஏறிவிடலாம். அங்கே கிடைக்குமா, நான் கொண்டு வரவா?

பழைய பஜிரோ

தம்பி, விமானத்தில் அதற்குக் கட்டுகிற காசில் இங்கே ஒரு வேலிக்குக் கிடுகு வாங்கலாம். நாலு கிடுகை இரட்டையாக மடித்து டிக்கியில் போட்டால் போதும். பிய்ந்தால் அடுத்தது.

வெள்ளைமணல்

கிடுகு சரி. பனையோலையும் சரி. ஆனால் மட்டையோடு வைக்காதீர்கள். கருக்கு ரயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும், பக்கச் சுவரில் விழும் கிழிசலுக்கு எந்தக் கடையிலும் ஒட்டு இல்லை. தீவுப்பகுதிக்குப் போகிறவர்கள் உடைமுள்ளையும் கவனியுங்கள். சில ஜப்பான் வண்டிகளில் முழு அளவு ஸ்பெயார் வீல் இருக்காது, மெல்லிய சில்லு ஒன்று அல்லது பசைக் குப்பி மட்டும்தான். வீட்டு வாசலிலேயே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ரொறன்ரோ தம்பிக்கு: சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். உள்ளே இஷ்டத்துக்குத் தடம் விட முடியாது, வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் போக வேண்டும். ஆவணியில் அந்த மணல் பொடிப் பொடியாக இருக்கும். வலசை வரும் பறவைகளும் அப்போது இராது. தையில் வந்தால் வந்ததற்குப் பலன்.

பழைய பஜிரோ

கயிறு பற்றி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கராச்காரர் அதைக் கடைசியில் தள்ளிவிட்டார். மணலில் சாவதற்கு வழி இல்லை என்று நினைக்கிறவர்கள் கயிற்றால்தான் சாகிறார்கள்.

உங்கள் வண்டியின் கருவிப் பையில் திருகிப் பூட்டும் இழுவை வளையம் ஒன்று இருக்கும். பம்பரில் சின்னச் சதுர மூடியைக் கழற்றினால் அதற்கான துளை. போக முன் வீட்டிலேயே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பாவித்த வண்டியில் அந்த வளையம் பல நேரம் காணாமல் போயிருக்கும். கடைசிவரை இறுக்குங்கள். அடியில் தெரிகிற மற்ற ஓட்டைகள் கப்பலில் கட்டி வைக்கச் செய்தவை, இழுத்தால் பிய்ந்து வரும். டிரெயிலர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டு.

இழுக்க முன் சில்லுக்கு முன்னாலும் வயிற்றுக்குக் கீழேயும் மண்ணை அள்ளுங்கள். ஐந்து நிமிடம் மண்வெட்டி பிடித்தால் பாதி நேரம் கயிறே தேவைப்படாது. காற்றை இன்னும் இரண்டு இறக்குங்கள். பிறகு கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது கயிற்றைக் கீழே அமத்தும். இரண்டு ஓட்டுநர்களைத் தவிர ஒருவரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. வீடியோ எடுக்கிறவரை முதலில் கலையுங்கள். சாதாரண நைலோன் கயிற்றில் வெட்டி இழுக்க வேண்டாம், மெல்ல இறுக்கிப் பிறகு இழுங்கள்.

எக்ஸ்-ட்ரெயில் போகாது என்று சொன்னதை மாற்றமாட்டேன். ஆனால் காற்று இறக்கிப் போகிறவர் என்றால் என் கயிறு தேவைப்படாமலும் போகலாம்.

கொக்குவில்காரன்

போய் வந்தோம்.

நாலரைக்கு வெளிக்கிட்டுப் பாலத்தில் விடிந்தது. பரமன்கிராய் தாண்டித் தார் முடிந்த இடத்தில் காற்று இறக்கினோம். ஆளுக்கு இரண்டு ரயர் என்று பிள்ளைகள் பங்கு பிரித்து, திறப்புக்குச் சண்டை பிடித்து, ஊசியை அமத்தினார்கள். சின்னவளின் பின் ரயர் 17க்குப் போய்விட்டது, அடித்துச் சமன்படுத்தினேன். லொக். விடிசி நிறுத்தம்.

முதல் மணலில் ஸ்ரியரிங் கையில் இல்லாததுபோல் இருந்தது, வண்டி தான் விரும்பின பக்கம் மெல்ல நெளிந்தது. இறுக்கிப் பிடிக்காமல் விட்டபோது தானே தடத்துக்கு வந்தது. வெள்ளைமணல் அக்கா சொன்ன நடு வரம்பு அப்படியே இருந்தது. இடப்பக்கத்தை வரம்பில் ஏற்றினால் அடியில் காய்ந்த புல் நெடுக உரசும் சத்தம். அம்மா முருகா முருகா என்றுகொண்டே வந்தார். எதிரே மீன் பெட்டிகளோடு உழவு மெசின் ஒன்று. ஒதுங்கி நின்று திரும்ப எடுக்கும்போது முன்னுக்குப் போக மறுத்தது. பெடலை விட்டுவிட்டு ஒரு வண்டி நீளம் பின்னுக்கு எடுத்து, மெதுவாகத் தொடங்க, ஏறிவிட்டது. மெசின்காரர் நின்று பார்த்துவிட்டு, காற்று இறக்கினதா என்று கேட்டார். ஓம் என்றதும் கையைக் காட்டிவிட்டுப் போனார். கடைசித் துண்டு மிக இளகியிருந்ததால் வண்டியை இறுக்கமான இடத்தில் விட்டுவிட்டு நடந்தோம். அம்மாவும் நடந்தார். கோயிலடியில் கற்பூரம் கொளுத்திக் கனநேரம் நின்றார். பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள், கல் பெயரும் என்று இறக்கினோம்.

திரும்பும்போது பதினொன்றரை. அக்கா சொன்னது சொன்னபடி, மணல் வேறு மணல். 18க்கு இறக்கித்தான் வந்தோம். எச்சரிக்கை விளக்கு எதுவும் வரவில்லை, ஆனால் தார் ஏறியபோது அடியில் இருந்து சூட்டு மணம் வந்தது. கொம்பிரசர் ஒரு ரயருக்கு ஆறேழு நிமிடம் எடுத்தது. அதன் குழாய் முனை இவ்வளவு சுடும் என்று ஒருவரும் சொல்லவில்லையே! கிடுகு நாலும் மடித்தபடி திரும்பி வந்தது. மனைவி அதைக் கோழிக்கூட்டுக்குப் போட்டுவிட்டாள்.

சுன்னாகம் கராச்

நல்லது. இன்றே அடியைக் கழுவுங்கள். நல்ல தண்ணீரால்; சவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். சில்லு வளைவுகளின் உள்பக்கம், பிரேக் பக்கம், சேசிஸ் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் அடியுங்கள். சைலன்சருக்கு மேலே காய்ந்த புல் சொருகியிருக்கும், கையால் இழுத்து எடுங்கள். அந்தச் சூட்டு மணம் அதுவாகவும் இருக்கலாம். காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்தி வைத்தால் கீழே தீப் பற்றும், பனங்காட்டுக்குள் என்றால் ஊரே வந்து அணைக்க வேண்டும். பிரேக் கரகரத்தால் இரண்டொரு நாளில் போய்விடும், போகாவிட்டால் கழற்றி மணலைத் தட்ட வேண்டும். எஞ்சினின் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அடிக்கடி இப்படிப் போவதென்றால் சிவிடி ஒயிலையும் பின் டிஃபரன்சல் ஒயிலையும் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நல்லூரான்

இழை முழுக்கப் படித்தேன். என்னிடம் ஹொண்டா வெசல் ஹைபிரிட், நாலு சில்லும் இழுக்கும் ஏடபிள்யூடி. அதே காற்று, அதே கிடுகு என்றால் போகலாமா?

சுன்னாகம் கராச்

வேண்டாம் தம்பி. எக்ஸ்-ட்ரெயிலை விட நிலத்திலிருந்து உயரம் குறைவு. அதோடு உங்களுடையது இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ். மணலில் ஊர்ந்து ஊர்ந்து எடுக்கும்போது அந்தக் கிளச்சுகள்தான் தேயும், சூடேறும். அதைத் திருத்த வரும் செலவுக்கு ஒரு வருடம் ஆட்டோ பிடித்துப் போகலாம். சாட்டிக் கடற்கரைக்கோ கசூரினாக் கடற்கரைக்கோ போங்கள், றோட்டு வாசல்வரை போகிறது.

பழைய பஜிரோ

நல்லூர்த் தம்பி, ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்துக்கு மருதங்கேணிப் பக்கம் போகிறேன். பின் சீற்றில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஏசி வேலை செய்யாது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் வாருங்கள்.